விண்ணப்பத்தில் முதலில் எழுத வேண்டிய படிப்பு எது?

நிலத்தின் தன்மையை ஆராயாது, அண்டை வயற்காரர் விதைத்ததையே தாமும் விதைப்பவர் நஷ்டமடைவார் என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். களர் நிலத்துக்கு ஏற்ற நெல் வேறு, வண்டல் நிலத்துக்கு ஏற்ற நெல் வேறு என்று அறிந்து விதை தெரிந்தெடுக்கும் அவர்களே, தங்கள் குமாரனையோ குமாரத்தியையோ மேற்படிப்புக்கு அனுப்புங்கால், அத்தகைய ஆராய்ச்சி ஏதுமின்றி, ஊரார் உயர்வாகச் சொல்லும் படிப்பின் பெயரை விண்ணப்பத்தின் முதலிடத்தில் எழுதிவிடுகின்றனர். விதையில் நேர்ந்த பிழை ஒரு போகத்தோடு தீரும். படிப்பில் நேரும் பிழையோ நான்கு ஆண்டுகளையும் பெரும் பொருளையும் கொண்டுபோகும். ஆகையால் இது குறித்துச் சில விஷயங்களை எடுத்துரைப்பது அவசியமாகிறது.

படிப்புகள் பலவாதல்

1868ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட விவசாயப் பள்ளி, 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அதனின்று வளர்ந்ததே 1971இல் தோன்றிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இக்காலத்தில் அங்கே வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு, வேளாண்மைப் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம் எனப் பட்டப்படிப்புகள் பல உள்ளன. கால்நடை மருத்துவத்துக்கு 1989இலும், மீன்வளத்துக்கு 2012இலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. எனவே, "பிள்ளை விவசாயம் படிக்கட்டும்" என்று பொதுவாகத் தீர்மானித்தல் இனிப் போதாது.

வேலை வேறுபடுதல்

இப்படிப்புகள் யாவும் ஏறக்குறைய ஒன்றே என்று எண்ணுவது தவறு. சர்க்கார் உத்தியோகத்தில் வேளாண்மை அலுவலர் பதவிக்கு வேளாண்மைப் பட்டமும், தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலைப் பட்டமும் வேண்டும். ஒன்றைப் படித்து மற்றதற்குச் செல்லலாம் என்று நம்பியிருப்பவர் பின்னர் வருந்த நேரிடும். பாங்குகளில் விவசாயக் கடன் பகுதிக்கு எடுக்கப்படும் அலுவலர் பதவிக்கோ, இவற்றுள் பல பட்டங்களும் ஏற்கப்படுகின்றன. வேளாண்மைப் பொறியியல் பயின்றவர் இயந்திரங்கள், கிணறுகள், பண்ணைக் குட்டைகள், மண் அரிப்புத் தடுப்பு ஆகியவற்றில் ஈடுபடுவர். கால்நடை மருத்துவம் பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு. நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவிடம் செல்ல மனம் உள்ளவர்க்கே அது தகும்.

இவற்றை விசாரித்தறியக் கோயம்புத்தூர் வரை செல்ல வேண்டுவதில்லை. வட்டார வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர், பொறியியல் பிரிவின் உதவிப் பொறியாளர், கால்நடை உதவி மருத்துவர் ஆகியோர் நாம் அடிக்கடி காண்பவர்களே. அவரவர் ஒருநாட் பொழுது எவ்வாறு கழிகிறதென்று பிள்ளையையே கேட்கச் செய்யலாம். அன்றியும், வேளாண்மை மாணாக்கர் நான்காம் ஆண்டில் கிராமங்களில் தங்கிப் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் நம் ஊருக்கு வரும்போது நம் பயிரைப் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், அவர்கள் படிப்பைப் பற்றியும் கேட்டறிதல் நன்று.

தெரிவு தொடங்கும் காலம்

விண்ணப்பம் எழுதுவது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னராயினும், தெரிவு உண்மையில் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. உயிரியல் படியாதவர்க்குக் கால்நடை மருத்துவத்தின் கதவு அடைபடும். கணிதம் படியாதவர்க்கு வேளாண்மைப் பொறியியலின் கதவு அடைபடும். எதுவென்று இன்னும் துணியாத மாணாக்கர், பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல் ஆகிய நான்கும் உள்ள பிரிவை எடுத்துக்கொள்வது இரு வழியையும் திறந்து வைக்கும்.

விருப்ப வரிசை

மதிப்பெண் தரவரிசையும் மாணாக்கரின் விருப்ப வரிசையும் கொண்டே இடங்கள் அளிக்கப்படுகின்றன. இங்குதான் பெரும்பிழை நேர்கிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பெண்ணுக்கு வேளாண்மையில் விருப்பம். ஆனால் அதற்குப் போட்டி அதிகம். "கிடைக்காததை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடும்" என்று உறவினர் அச்சுறுத்த, தகப்பனார் தோட்டக்கலையை முதலாவதாக எழுதிவிடுகிறார். அவள் முறை வரும்போது வேளாண்மையில் இடம் காலியாகவே இருக்கிறது. எனினும் எழுதிய வரிசைப்படி தோட்டக்கலையே அளிக்கப்படுகிறது. அவள் விரும்பிய இடம் அவளினும் குறைந்த மதிப்பெண் பெற்றவர்க்குச் செல்கிறது.

இவ்வச்சம் ஆதாரமற்றது. முதலில் எழுதியது கிடைக்காவிடின், அதே தரவரிசையைக் கொண்டே இரண்டாவது பார்க்கப்படும். அதுவும் இல்லையேல் மூன்றாவது. மேலே ஒன்றை எழுதியதனால் கீழே உள்ளதற்கு யாதொரு குறைவும் வராது. ஆகவே கிடைக்குமோ என்ற கணக்கைக் கொண்டு வரிசையை அமைத்தலாகாது. உண்மை விருப்பத்தைக் கொண்டே அமைத்தல் வேண்டும். கிடைக்கக்கூடியவற்றையும் அதன்கீழ்த் தவறாது சேர்த்துக்கொள்க. அளித்தாலும் சேர மனமில்லாத படிப்பை மட்டும் எழுதாதிருப்பதே நன்று. சேர்ந்த பின்னர் வேறு படிப்புக்கு மாறுதல் எளிதன்று.

கிராம அதிகாரிகளுக்கு

குடும்பத்தில் பட்டதாரி எவருமில்லாத மாணாக்கர்க்குத் தொழிற்படிப்புக் கட்டணச் சலுகை பெற முதல் பட்டதாரிச் சான்று வேண்டும். சாதி, வருமானச் சான்றுகளும் தேவைப்படும். இவை யாவும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையைப் பொறுத்தவை. ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளிகளிலேயே பயின்றவர்க்கு, 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் முதலிய படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இதை அறியாத குடும்பங்கள் உண்டு. பரீட்சை முடிவு வெளியாகும் முன்னரே இவ்விவரங்களைத் தெரிவித்து, சான்றுகளைத் தாமதமின்றி முடித்துக் கொடுத்தல் பேருதவியாகும்.

விண்ணப்பத்தை நிரப்புமுன் அவ்வாண்டு வெளியாகும் விதித் தொகுப்பை ஒருமுறை முழுதும் வாசித்தல் வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். அதன்பின் பிள்ளையை அருகில் இருத்தி, வரிசையை அவர் வாயாற் சொல்லக் கேட்டு எழுதுக. நான்கு ஆண்டுகள் அந்த வயலை உழப்போகிறவர் அவரே.