மறையிட்ட வட்டில் இறுதிப் பதிவு

நோய்க்கு மருந்து கொடுக்குமுன் நோயின் மூலத்தை ஆராய வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ நெறி. மனித உடலுக்குச் சொன்ன அந்நெறி கணினிக்கும் பொருந்தும். இயங்கிக்கொண்டிருந்த கணினி திடீரென நின்றுவிட்டால், அதை மீண்டும் முடுக்கிவிடுதல் எளிது. ஏன் நின்றது என்று அறியாமல் முடுக்கினாலோ, அது நாளையும் நிற்கும். நின்ற நொடியில் நினைவகத்தில் இருந்தவற்றைப் பார்த்தாலன்றிக் காரணம் விளங்காது. நினைவகமோ மின்சாரம் உள்ளவரைதான் நிலைக்கும். ஆகவே, வீழும் கணினி தன் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி வைத்துவிட வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'கிராஷ் டம்ப்' என்பர். தமிழில் 'இறுதிப் பதிவு' எனலாம்.

இதற்குக் 'கோர் டம்ப்' என்றொரு பழம்பெயரும் உண்டு. 1950களிலும் 1960களிலும் கணினியின் நினைவகம், கம்பிகளில் கோத்த சிறுசிறு காந்த வளையங்களால் ஆகியிருந்தது. அவ்வளையத்திற்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் மறைந்தன, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பதிவில் அடங்கும் இரகசியம்

இன்று பல கணினிகளின் வட்டுகள் மறையிடப்பட்டவை. வட்டில் உள்ள எழுத்தெல்லாம் உருமாற்றி வைக்கப்பட்டிருப்பதால், திருடன் வட்டைக் கழற்றிச் சென்றாலும் அவனுக்கு எதுவும் புரியாது. எனினும், கணினி இயங்கும்போது அம்மறையை அவிழ்க்கும் திறவுகோல் நினைவகத்தில் இருந்தே தீர வேண்டும். அதே நினைவகத்தை அப்படியே வெறும் வட்டில் எழுதிவைத்தால், பூட்டிய வீட்டின் சாவியை வாசற்படியில் வைத்துச் சென்ற கதையாகிவிடும். திறவுகோல் மட்டுமா? கடவுச்சொல், எழுதி முடியாத கடிதம், வங்கிக் கணக்கு எனத் திறந்திருந்த அனைத்தும் அப்பதிவில் கிடக்கும்.

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கையொப்பத் திறவுகோல் ஒன்று அயலார் கையில் சிக்கியதால், 2023ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுத் துறைகள் உட்பட ஏறத்தாழ 25 அமைப்புகளின் மின்னஞ்சல்கள் களவாகப் படிக்கப்பட்டன. 2021 ஏப்ரலில் வீழ்ந்த ஓர் அமைப்பின் இறுதிப் பதிவில் அத்திறவுகோல் தவறுதலாகத் தங்கிவிட்டது என்று அந்நிறுவனம் 2023 செப்டம்பரில் விளக்கம் தந்தது. 2024 மார்ச்சில் அவ்விளக்கத்தைத் திருத்தி, திறவுகோல் அடங்கிய பதிவு எதுவும் கண்டெடுக்கப்படவில்லை என்றது. நடந்தது எதுவாயினும், இறுதிப் பதிவைக் காவலின்றி வைப்பதன் இடர் அதனால் உலகறியப் பேசப்பட்டது.

வீழ்ந்தவன் எழுத முடியுமா?

அங்ஙனமாயின், பதிவையும் மறையிட்டே எழுதிவிடலாமே என்று கேட்கலாம். இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. மறையிட்ட வட்டில் ஒன்றை எழுத, கோப்பு முறை, மறையிடும் அடுக்கு, வட்டை இயக்கும் நிரல் ஆகிய பலவும் ஒழுங்காக ஒத்துழைக்க வேண்டும். வீழ்ந்துகொண்டிருக்கும் இயங்குதளத்தில் இவற்றுள் எது பழுதுற்றது என்று யாருக்கும் தெரியாது. பழுதுற்ற நிரலை நம்பி எழுதினால், நல்ல கோப்புகளின்மேலேயே எழுதி அழித்துவிடவும் கூடும்.

லினக்ஸ் இதற்கு ஒரு வழி கண்டது. 'கேடம்ப்' எனப்படும் அம்முறை 2005ஆம் ஆண்டில் லினக்ஸுடன் சேர்ந்தது. நினைவகத்தின் ஒரு பகுதி முன்னதாகவே ஒதுக்கப்பட்டு, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று உறங்கிக் கிடக்கும். முதல் கெர்னல் வீழ்ந்தவுடன் இரண்டாவது விழித்தெழுந்து, வீழ்ந்ததன் நினைவகத்தைப் படியெடுக்கும். நோயாளியே தன் நோயை எழுதாமல், பக்கத்தில் நிற்கும் மருத்துவர் எழுதுவது போன்றது இது.

ஆனால், புதிதாக விழித்த கெர்னலுக்கு மறையிட்ட வட்டு பூட்டிய கதவே. கடவுச்சொல்லை யார் தட்டச்சிடுவது? நள்ளிரவில் வீழும் கணினியருகே எவரும் இரார். இருந்தாலும் வேறொரு தடை உண்டு. கடவுச்சொல்லை ஊகிக்கும் திருடனைத் தளரச் செய்ய, 'லக்ஸ்' மறைமுறையின் இரண்டாம் பதிப்பு, 'ஆர்கான்' என்னும் கணக்கைக் கையாளுகிறது. அக்கணக்கு வேண்டுமென்றே பெருமளவு நினைவகத்தை விழுங்கும். 1 ஜிகாபைட் வரையிலும் கேட்கும். இரண்டாவது கெர்னலுக்கு ஒதுக்கப்பட்டதோ பெரும்பாலும் சில நூறு மெகாபைட். திருடனுக்கு வைத்த தடை மருத்துவரையே தடுத்துவிட்டது!

2025ஆம் ஆண்டில் வெளிவந்த லினக்ஸ் 6.16 இதற்குத் தீர்வு தந்தது. கணினி நலமாக இருக்கும்போதே வட்டின் மூலத் திறவுகோல் ஒதுக்கிய நினைவகத்தில் வைக்கப்படுகிறது. இரண்டாவது கெர்னல் கடவுச்சொல்லும் கேட்காமல், பெருங்கணக்கும் போடாமல், அத்திறவுகோலால் வட்டைத் திறந்து எழுதுகிறது.

உண்டியல் முறை

ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளம் வேறு வழியில் சென்றது. 2018ஆம் ஆண்டில் வெளியான அதன் 12.0 பதிப்பில் இம்முறை இடம்பெற்றது. இதில் வட்டை மறையிடுவதில்லை, பதிவையே மறையிடுகின்றனர். ஒருமுறை மட்டும் பயன்படும் திறவுகோல் ஒன்று முன்னரே ஆக்கப்படுகிறது. பதிவு அதனால் மறையிடப்படும். அத்திறவுகோலின் படி ஒன்று, ஆர்எஸ்ஏ முறையிலான பொதுத் திறவுகோலால் மறையிடப்பட்டுப் பதிவுடனேயே வைக்கப்படும். அதை அவிழ்க்கும் தனித் திறவுகோலை அக்கணினியில் வைக்கத் தேவையில்லை. வேறோர் இடத்தில் காத்து வைக்கலாம்.

கோயில் உண்டியலில் காசு போட எவராலும் இயலும். எடுக்கவோ சாவி உடையவர் வேண்டும். அதுபோலவே வீழும் கணினியும் பதிவைப் போடுமேயன்றி, தானே திரும்ப எடுத்துப் படிக்க அதனால் இயலாது. கணினியைத் திருடியவனுக்கும் பயனில்லை. தனித் திறவுகோல் தொலைந்தால் உரியவரும் அப்பதிவைப் படிக்க முடியாது என்பதே இம்முறையின் விலை.

இங்கு ஒரு பிழையைத் தவிர்த்தல் வேண்டும். நினைவகத்திற்குத் துணையாகும் 'ஸ்வாப்' என்னும் வட்டுப் பகுதியை, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிய திறவுகோலால் மறையிடுவோர் உளர். பழைய திறவுகோல் அடுத்த தொடக்கத்தில் அழிந்துவிடும். அம்மறைக்குள் இறுதிப் பதிவை எழுதினால், மறுநாள் எவராலும் படிக்க இயலாது.

காரணத்தை அறிய வேண்டுமெனில் பதிவு வேண்டும். இரகசியத்தைக் காக்க வேண்டுமெனில் அப்பதிவுக்கும் பூட்டு வேண்டும். எந்த முறையாயினும் நோய் வருமுன்னரே அமைத்துக்கொள்ளத் தக்கது. அமைத்தவுடன், வேண்டுமென்றே ஒருமுறை கணினியை வீழ்த்திப் பார்த்து, பதிவைப் படிக்க முடிகிறதா என்று சோதித்தறிதலே பொறுப்புடையோர் கடன்.