குவேக்கர் கூட்டத்துக்கு முதல் தடவை போகிறீர்களா?

லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கத் தருமபுரியிலிருந்து போயிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா, "ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவேக்கர் கூட்டத்துக்கு வாங்களேன்" என்கிறார். போகலாமா? தாராளமாகப் போகலாம். யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை.

யார் இவர்கள்? 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த கிறிஸ்தவ வழியினர். நமக்கு ஒன்றும் அந்நியர் அல்ல. 1928இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து, பிறகு கோத்தகிரியில் பல காலம் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் குவேக்கர்தான். கேரளத்தில் சிக்கனமாக வீடு கட்டிக் காட்டிய லாரி பேக்கரும் அப்படியே. கடையில் விற்கும் ஓட்ஸுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை; பெயர் மட்டும்தான் ஒன்று.

உள்ளே என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பாதிரியார் இல்லை, பீடம் இல்லை, பாட்டும் இல்லை. நாற்காலிகளை வட்டமாகவோ சதுரமாகவோ போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் பைபிளும் ஒன்றிரண்டு புத்தகங்களும் இருக்கும். முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்ததுமே வழிபாடு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. சுமார் ஒரு மணி நேரம் மௌனம்.

நடுவில் யாராவது எழுந்து பேசினால்? அதற்கு ஊழியம் (மனதில் உந்தியதை எல்லோருக்குமாகச் சொல்வது) என்று பெயர். இரண்டொரு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு யாரும் பதில் சொல்வதில்லை, கைதட்டலும் கிடையாது. பேச்சுக்குப் பேச்சு கொடுத்தே பழகிய நமக்கு இதுதான் சிரமம். அடுத்தவர் பேச நினைத்தாலும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் எழுவார். சில வாரம் யாருமே பேசாமல் முடிந்துவிடும். நீங்கள் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை.

அவ்வளவு நேரம் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொள்ளலாம், திறந்தும் இருக்கலாம். மனசுக்குள் உங்கள் குலதெய்வத்தைக் கும்பிட்டாலும் தடுப்பார் இல்லை. இருமல் வந்தால் இருமுங்கள். போனை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த அமைதியில் அதிர்வுச் சத்தமே பெரிதாகக் கேட்கும். குழந்தைகளோடு போவதென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் அவர்கள் கால் மணி நேரம் மட்டும் பெரியவர்களோடு இருந்தால் போதும்.

செருப்பைக் கழற்ற வேண்டுமா? வேண்டாம். சேலை, வேட்டி, நெற்றியில் திருநீறு, எதுவும் தடையில்லை. முட்டி போடச் சொல்ல மாட்டார்கள். காணிக்கைத் தட்டு சுற்றி வராது. வாசலோரம் உண்டியல் இருந்தால், விருப்பமிருந்தால் போடலாம்.

மதம் மாற்றிவிடுவார்களோ? இங்கே ஞானஸ்நானமே கிடையாது. உறுப்பினராக விரும்புகிறவர்தான் தாமாகக் கேட்க வேண்டும். சேராமலே வருடக்கணக்கில் வந்து போகிறவர்கள் உண்டு.

முடிந்ததென்று எப்படித் தெரியும்? மூத்தவர்கள் இருவர் கைகுலுக்குவார்கள். உடனே உங்கள் பக்கத்தில் இருப்பவரும் கை நீட்டுவார், நீங்களும் கொடுங்கள். பிறகு அறிவிப்புகள், டீ, பிஸ்கட். ஊர் எது என்று கேட்பார்கள். சொல்லுங்கள், பேச்சு வளரும்.

எல்லா ஊரிலும் இப்படியா? இல்லை. கென்யாவிலும் நம் நாட்டின் புந்தேல்கண்டிலும் பாஸ்டர், பாட்டு, பிரசங்கம் என்று நடத்துகிற குவேக்கர்கள் இருக்கிறார்கள். அதனால் கூப்பிட்டவரிடம், "மௌனக் கூட்டமா, பாஸ்டர் நடத்துவதா?" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மௌனக் கூட்டம் என்றால் ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடுங்கள்.