ஒரு பெயரும் ஒரு கொள்கையும்

போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பெறுவோர் தம் இயற்பெயரை விடுத்துப் புதுப்பெயர் சூடிக்கொள்வது மரபு. அப்பெயர் வெறும் அலங்காரமன்று. தாம் செல்லவிருக்கும் வழியை உலகுக்கு உணர்த்தும் முதற்சொல் எனலாம்.

போப்பாண்டவர் பிரான்சிஸ் மறைந்தபின், 2025 மே 8இல் 133 கர்தினால்மார் கூடித் தேர்ந்தெடுத்த ராபர்ட் பிரீவோஸ்ட், பதினான்காம் லியோ என்னும் பெயரை ஏற்றார். தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய வழக்கில் லியோ என்பாரே சிங்கராயர். இப்பெயரைத் தேர்ந்தது ஏன்? இரண்டு நாள் கழித்து அவரே விடை கூறினார். பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலே முதன்மைக் காரணம்.

அந்நாளில் ஐரோப்பாவில் ஆலைகள் பெருகின. செல்வம் சிலரிடம் குவிந்தது. "இருவரும் ஒப்பிய கூலி, ஆகவே அது நியாயமே" என்பது முதலாளிகளின் வாதம். லியோ இதனை மறுத்தார். வேறு வழியின்றி ஏழை இசைவது இசைவாகாது. அது வலிமைக்கும் அநீதிக்கும் இரையாதலே என்றார். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் வாழ்வுக்குப் போதாத கூலி நீதியன்று என்றார். தனியுடைமையை ஒழிப்பதை அவர் ஏற்கவில்லை. எனினும் சங்கம் அமைத்தல் தொழிலாளரின் இயற்கை உரிமை என்றும், நலிந்தோரைக் காத்தல் அரசின் கடமை என்றும் வற்புறுத்தினார்.

இப்போதனை பின்வந்தோரால் வளர்ந்தது. 1981இல் இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட சுற்றுமடல், மூலதனத்தினும் உழைப்பே முதன்மையுடையது என்றது. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர், உரிமையில் ஏனைத் தொழிலாளருக்குக் குறைந்தவராதல் ஆகாது என்றும் கூறியது. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

நம் அரசியலமைப்பின் 43ஆம் பிரிவும், தொழிலாளர் அனைவர்க்கும் வாழ்வுக்கேற்ற ஊதியம் கிடைக்க அரசு முயலவேண்டும் என்கிறது. கூலி என்பது சந்தைச் சரக்கின் விலை போன்றதன்று என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொதுவானது.

அன்று நீராவி எந்திரம். இன்று செயற்கை நுண்ணறிவு. இதனை மற்றொரு தொழிற்புரட்சியாகக் கண்டு, மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் இது விடுக்கும் அறைகூவலைப் புதிய போப்பாண்டவர் சுட்டிக்காட்டினார். கணக்கெழுதுவோர் முதல் மொழிபெயர்ப்போர் வரை பலர் இம்மாற்றத்தை அஞ்சி நோக்குகின்றனர்.

சுற்றுமடலுக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. ஏற்போரின் நடத்தையே அதன் வலிமை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் திருச்சபை, தானும் பலர்க்கு ஊதியம் அளிப்பதாகும். அங்குத் தரை துடைக்கும் பணியாளர் மாத இறுதியில் பெறும் ஊதியமே இப்போதனைக்கு உரைகல்.