உயிர் நுண்ணங்கியுணவும் வன்னியின் சிறுநீரக நோயும்

வன்னி மக்களின் மரபுணவான எருமைத்தயிரிலும் இரவு முழுவதும் நீரிலூறிய பழஞ்சோற்றிலும் இலத்திக்கமிலப் பற்றீரியாக்கள் உயிருடன் உள்ளன. இத்தகைய நுண்ணங்கிகள் குடலின் சமநிலையைப் பேணி, இன்சுலினின் செயற்பாட்டுக்குத் துணையாகலாம் என ஆய்வுகள் சுட்டுகின்றன. நீரிழிவே உலகளவில் சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மைக் காரணியாதலின் இத்தொடர்பு கவனத்திற்குரியது.

எனினும் வவுனியாவில் உழவரை வருத்தும் நோயின் இயல்பு வேறு. 1990களில் அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் அறியப்படாத இந்நாட்பட்ட சிறுநீரக நோய் நீரிழிவு இல்லாதோரையும் தாக்குகின்றது. நிலக்கீழ் நீரின் வன்மை, புளோரைட்டு, வேளாண் இரசாயனங்கள், கடுவெயிலில் உழைத்தல் என்பன ஐயுறப்படுகின்றன. இதற்குத் தயிர் மருந்தாகாது. சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு அதிலுள்ள பொசுபரசும் பொற்றாசியமும் சுமையாதலும் கூடும்.

ஆகவே மரபுணவைப் போற்றுவதோடு அமையாது, தூய குடிநீரையும் காலந்தோறும் குருதி, சிறுநீர்ப் பரிசோதனைகளையும் உழவர்க்கு உறுதிசெய்தலே முதற்கடனாகும்.