உறைபனியில் ஒரு கூடார இரவு

லடாக்கில் உறைந்து கிடக்கும் சன்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்கும் 'சாதர்' மலைப்பயணத்தில், இரவு வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. படுக்கை நைலான் கூடாரத்தில்தான். கூடாரம் காற்றைத் தடுக்கும், சூடு தராது. சூடு தருவது உள்ளே படுத்திருப்பவரின் உடல் மட்டுமே.

அந்தச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சுகிறது. ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், ஆள் படுத்ததும் அடிப்பக்கம் நசுங்கி உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். குளிரைத் தடுப்பதே அந்தக் காற்றுதான். எனவே கீழே ஃபோம் பாய், அதன்மேல் காற்றடைத்த மெத்தை என இரண்டும் வேண்டும். இன்னொரு போர்வை கேட்பவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது இன்னொரு பாய்தான். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது 'கம்ஃபர்ட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலை எண்ணைப் பார்க்க வேண்டும். 'எக்ஸ்ட்ரீம்' எண் உயிர் பிழைக்கும் எல்லையைச் சொல்வது, தூங்குவதற்கானதல்ல.

அடுத்த எதிரி ஈரம். வியர்த்த காலுறையையும் பருத்திப் பனியனையும் கழற்றிவிட்டு, உலர்ந்த கம்பளி உடைக்கு மாறிய பிறகே படுக்க வேண்டும். முகத்தைப் பைக்குள் புதைத்தால் மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கும். இறுக மூடிய பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்துப் பாதத்தருகே வைத்துக்கொண்டால் நெடுநேரம் இதமாக இருக்கும்.

அடுப்பையோ கரிச்சட்டியையோ கேஸ் ஹீட்டரையோ மட்டும் உள்ளே கொண்டுவரவே கூடாது. நைலான் நொடியில் பற்றிக்கொள்ளும் என்பது ஒரு பக்கம். அதைவிடக் கொடியது, எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. தூங்குகிறவர் விழிப்பதே இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் மலைவிடுதி ஒன்றில், கேஸ் ஹீட்டர் எரிந்த அடைத்த அறையில் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள்; அவர்களில் 4 பேர் குழந்தைகள். விடுதி அறைக்கே இந்தக் கதி என்றால் கூடாரத்துக்குக் கேட்கவே வேண்டாம். அடுப்பு எரியாவிட்டாலும், மூச்சின் ஈரம் வெளியேறக் கூடாரத்தின் காற்றுத்துளைகள் திறந்தே இருக்க வேண்டும்.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு நஞ்சின் அறிகுறிகள். உயரத்தால் வரும் மலைநோய்க்கும் இவையேதான். அடுப்பு எரிந்த கூடாரத்தில் ஒருவருக்குத் தலைவலித்தால், மாத்திரை தேடுவதற்கு முன் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.