எட்டாவது தீவுக்குப் பட்ட கடன்

ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் உள்ள கானரித் தீவுகள் ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்தவை. அத்தீவினர் தங்கள் ஏழு தீவுகளோடு வெனிசுலாவையும் சேர்த்து ‘எட்டாவது தீவு’ என்பது வழக்கம். இது வெறும் உபசார வார்த்தையன்று. 1811-ல் வெனிசுலாவின் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட மிராண்டாவின் தந்தை கானரித் தீவினரே. அந்தத் தேசபக்தர் 1816-ல் ஸ்பானியச் சிறையில் உயிர்நீத்தார். அரசுகள் பகைத்தபோதும் ஜனங்களின் உறவு அறவில்லை.

1939-ல் உள்நாட்டு யுத்தம் முடிந்த பின், வறுமையும் பிராங்கோவின் அடக்குமுறையும் தாங்காத தீவினர் இரவோடிரவாகப் பாய்மரப் படகுகளில் வெனிசுலாவுக்கு ஓடினர். 1949-ல் ‘லா எல்வீரா’ என்னும் பழம்படகு நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுமந்து சென்றது. அவர்கள் கையில் அனுமதிச்சீட்டு இல்லை. ஆயினும் எண்ணெய் வளம் கொழித்த அத்தேசம் பிழைக்க வந்தோர்க்கு வேலையும் சோறும் அளித்தது.

இன்று காற்று திரும்பி வீசுகிறது. 2014-ல் எண்ணெய் விலை சரிந்தது முதலாக, பணத்தின் மதிப்பு அழிந்து, மருந்தும் உணவும் அரிதாகி, அடக்குமுறையும் வலுத்ததால் எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட வெனிசுலா மக்கள் நாடு துறந்தனர். பெரும்பாலோர் கொலம்பியா முதலிய அண்டை நாடுகளை அடைந்தனர். பல லட்சம் பேர் ஸ்பெயினுக்கு வந்தனர். பாட்டன் ஏறிச் சென்ற துறையில் பேரன் வந்து இறங்குகிறான். டெனெரீப் தீவின் கடைகளில் வெனிசுலாவின் சோள ரொட்டியாகிய அரேபா விற்கப்படுகிறது.

ஸ்பானிய சர்க்கார் செய்ததை நாம் குறைத்துக் கூறோம். பிறர் பத்தாண்டு வசித்துப் பெறவேண்டிய பிரஜா உரிமையை வெனிசுலா மக்கள் இரண்டாண்டில் கோரலாம். 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்பானியரின் பேரப்பிள்ளைகளுக்கு வழி திறந்தது. அகதி மனு தள்ளுபடியானோர்க்கும் 2019 முதல் ஜீவகாருண்ய அனுமதி வழங்கப்பட்டு வந்தது. ஆனால், பட்டம் பெற்ற வைத்தியரும் இஞ்சினீயரும் அப்பட்டத்துக்கு அங்கீகாரம் கிட்டும் வரை சைக்கிளில் பிறர் வீட்டுக்கு உணவு சுமப்பது எந்த உறவுக்கு அழகு?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அதே கானரிக் கரையில் செனெகல் முதலிய நாட்டினர் சிறு படகுகளில் ஒதுங்குகின்றனர். 2024-ல் மட்டும் வந்தோர் நாற்பதாயிரத்துக்கு மேல். அவர்களுக்கு ஸ்பானியப் பாட்டன் இல்லை, ஆகவே பத்தாண்டு. 1949-ல் சீட்டின்றிச் சென்ற படகுக்கும் இப்படகுக்கும் பேதம் யாது? உறவினனுக்குக் கதவு திறப்பது கடன் தீர்த்தல். அந்நியனுக்கும் திறப்பதே தர்மம். கடலில் தத்தளித்தவர்களின் சந்ததியார் இதை அறியாதவரல்லர் என்றே நாம் நம்புகிறோம்.