ஷட்டரை விடாமல் அழுத்தினால் எத்தனை படம்?

கேமராவின் ஷட்டர் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் படபடவென்று படங்கள் விழும். சில நொடிகளில் அந்த வேகம் சட்டென்று படுத்துவிட, பிறகு நின்று நின்று ஒவ்வொன்றாகப் பதிவாகும். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. பஃபர் நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். சென்சார் தரும் வேகத்துக்கு மெமரி கார்டால் எழுத முடியாது. அதனால் கேமராவுக்குள் இருக்கும் அதிவேக நினைவகம் படங்களை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, கார்டுக்கு ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது. அந்த நினைவகம்தான் பஃபர்.

ஒருபுறம் குழாயும் மறுபுறம் வடிகாலும் உள்ள தொட்டியைப் போன்றது இது. தொட்டியின் கொள்ளளவைக் கேமரா தயாரிப்பாளர் முடிவு செய்துவிடுகிறார். வரத்தும் போக்கும் படம் எடுப்பவர் கையில் இருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டால் இது விளங்கும். பஃபர் 1,000 மெகாபைட், ஒரு ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) 25 மெகாபைட், கார்டு நொடிக்கு 80 மெகாபைட் எழுதுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 10 படம் எடுத்தால் வரத்து 250 மெகாபைட். போக்கு போக 170 மெகாபைட் தங்கும். ஏறக்குறைய 6 நொடியில், 60 படங்களில் பஃபர் நிரம்பிவிடும். வேகத்தை 5 படமாகக் குறைத்தால் நொடிக்கு 45 மெகாபைட்தான் தங்கும். 22 நொடி, சுமார் 110 படம் வரை தாங்கும். நொடிக்கு 3 படம் என்றால் வரத்து 75 மெகாபைட்டாகி, போக்கைவிடக் குறைந்துவிடும். கார்டில் இடம் இருக்கும்வரை எடுத்துக்கொண்டே போகலாம்.

வரத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பலன் பல மடங்காகும் என்பதற்கு 2017இல் வந்த நிக்கான் டி850 நல்ல சான்று. 45.7 மெகாபிக்சல் கேமரா அது. தரம் குறையாமல் சுருக்கிய 14 பிட் ராவில் ஒரே மூச்சில் 51 படங்கள் எடுக்கும். அதையே 12 பிட்டுக்கு மாற்றினால் 170 என்கிறது நிறுவனம். பிட் ஏழில் ஒரு பங்குதான் குறைந்தது, படங்களோ மூன்று மடங்குக்கு மேல் கூடின. வேகமான கார்டு உள்ளே இருக்கையில் வரத்தும் போக்கும் ஏற்கெனவே நெருங்கி நிற்பதே இதற்குக் காரணம். 14 பிட்டில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளி அளவுகள், 12 பிட்டில் 4,096. இருண்ட நிழலைக் கணினியில் வெகுவாக வெளிச்சமாக்கினால் ஒழிய, இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது அரிது. பறவை படமோ விளையாட்டுப் படமோ எடுப்பவருக்கு இதைவிட மலிவான பேரம் கிடைக்காது.

சுருக்காத ரா, தொடர் படங்களுக்கு வீண் ஆடம்பரம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 14 பிட்டில் சுருக்காமல் 42 மெகாபைட் பிடிக்கும். தரம் குறையாத சுருக்கத்தில் ஒரு துளி விவரமும் போகாமல் கோப்பு கணிசமாக இளைக்கும். ராவையும் ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவு செய்வதும் பஃபருக்கு இரட்டைச் சுமை. ஜேபெக் மட்டும் என்றால் கோப்பு வெகு சிறியது. சோனி ஏ9 நொடிக்கு 20 படம் வீதம், சுருக்கிய ராவில் 241ம் ஜேபெக்கில் 362ம் எடுக்கும்.

ஆனால் ஜேபெக்கைக் கேமராவே சமைத்துத் தர வேண்டும். லென்ஸ் வளைவைச் சரிசெய்தல், இரைச்சல் நீக்கம் போன்றவற்றை இயக்கிவைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் பிடித்து, பஃபர் எண்ணிக்கை சரியும். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை இயக்கினாலும் எண்ணிக்கை குறையலாம் என்று கேமரா கையேடுகளே எச்சரிக்கின்றன. பலர் ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துபோகும் வசதி அது.

ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும் இதில் கைவைக்கும். அது ஏற ஏறப் படத்தில் பொடிப்பொடியான இரைச்சல் கூடும். ஒரே சீரான பரப்பை எளிதாகச் சுருக்கலாம். புள்ளிக்குப் புள்ளி மாறும் இரைச்சலைச் சுருக்குவது கடினம், கோப்பு பெரிதாகிவிடும். எனவே பகல் மைதானத்தில் கிடைத்த அதே எண்ணிக்கை, இரவு விளக்கொளியில் கிடைப்பதில்லை.

போக்கைத் தீர்மானிப்பது கார்டு. எஸ்டி கார்டில் யுஎச்எஸ்-1 வகைக்கு உச்ச வரம்பு நொடிக்கு 104 மெகாபைட், யுஎச்எஸ்-2க்கு 312. அட்டையில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் வாசிக்கும் வேகத்தை. பார்க்க வேண்டியது வி30, வி60, வி90 என்ற குறியை. குறைந்தபட்சம் நொடிக்கு அத்தனை மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்ற உறுதி அது. இரண்டு கார்டிலும் ஒரே படத்தைப் பதியும்படி வைத்தால் மெதுவான கார்டின் வேகமே இரண்டுக்கும் வேகம்.

மிச்சம் எவ்வளவு என்பதைக் கேமராவே காட்டும். நிக்கானில் ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் ஆர் எழுத்துடன் ஓர் எண் தெரியும். அது இறங்கி சுழியமாகும்போது பஃபர் நிரம்பியிருக்கும். மேலே சொன்ன கணக்கின்படி முழுப் பஃபரும் காலியாக 12 நொடிக்கு மேல் ஆகும். அதுவரை கார்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்போது கார்டையோ பேட்டரியையோ உருவினால், இன்னும் எழுதப்படாத படங்கள் போய்விடும்.